சமரசத்தை மறுத்தால் செலவு யாருக்கு?

‘உங்கள் கடைப் பெயர் எங்கள் டிரேட் மார்க் மாதிரியே இருக்கிறது. 3 மாதத்தில் போர்டை மாற்றினால் நஷ்டஈடு கேட்க மாட்டோம்.’ இப்படி வக்கீல் நோட்டீஸ் வந்தால் கோபத்தில் கிழிச்சுப் போட்டுடாதீங்க.

டிரேட் மார்க் வழக்கின் மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாவிட்டால், 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் பொருந்தும். பொதுவாக, ஜெயித்தவரின் வக்கீல் கட்டணம், சாட்சிச் செலவு எல்லாம் தோற்றவர் தலையில்தான். ஆனால் நியாயமான சமரசத்தை யாராவது காரணமில்லாமல் மறுத்தார்களா என்பதையும் நீதிபதி பார்ப்பார். அப்படி மறுத்திருந்தால், ஜெயித்தவருக்கே முழுச் செலவும் கிடைக்காமல் போகலாம். பெரிய கம்பெனிக்கும் இதே விதிதான்.

அப்போ மறுக்கவே கூடாதா? தாராளமா மறுக்கலாம். அந்தப் பெயரை அவர்களுக்கு முன்பே நீங்கள் பயன்படுத்தி வந்திருந்தால், பழைய பில், உரிமம் ஆகியவற்றின் நகலோடு காரணத்தை எழுத்தில் சொல்லுங்கள். ‘பார்த்துக்கலாம்’னு சும்மா இருப்பதுதான் சிக்கல்.

அவசரத் தடை உத்தரவு கேட்காத வழக்கு என்றால், தாக்கல் செய்யும் முன்பே சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசப் பேச்சு கட்டாயம். அதற்கு 3 மாதம். இருவரும் சம்மதித்தால் இன்னும் 2 மாதம். அங்கே பேசுவது ரகசியம். அதனால் நீங்கள் முன்வைக்கும் சமரசத்தை, வக்கீலிடம் கேட்டுக்கொண்டு தனிக் கடிதமாகவும் அனுப்பி, நகலைப் பத்திரமா வச்சுக்கோங்க.