சருகு கிளறும் ஆறுமணிக் குருவி

புரட்டாசி கடைசியில் அல்லது ஐப்பசி முற்பகுதியில், மாரி கால் வைக்கும் வேளையில், திருகோணமலைக் கரையோரக் கிராமங்களுக்கு ஒரு விருந்தாளி வந்து சேர்கிறது. நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை வீதியில் அமைந்த திரியாயிலும், பற்றை நெருங்கிய வளவுகளில் அதன் குரலைக் கேட்கலாம். ஆறுமணிக் குருவி என்பது பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வதுண்டு. கள்ளன் என்ற பட்டம் அநியாயமானது. தோட்டத்தில் அது எடுப்பது பூச்சியும் புழுவுமே.

எம்மவரில் பலர் குரலை அறிவர், பறவையைக் கண்டவர் குறைவு. ஏறக்குறைய 19 சென்றிமீற்றர் நீளம். வால் இருக்கிறதா என்று கேட்கும்படி குட்டையானது. முதுகு பச்சை. சிறகில் ஒளிரும் நீலத் திட்டு. கண்ணின் மேலாகக் கறுப்புப் பட்டை, அதற்கு மேலே வெள்ளைப் புருவம், கழுத்தின் முன்புறம் வெள்ளை, வயிறு மங்கிய மஞ்சள், வாலடி நல்ல சிவப்பு. இத்தனை நிறம் இருப்பதாலேயே இந்தியில் இதனை நவரங் என்கின்றனர். இவ்வளவு அலங்காரத்தோடும், நிழலில் சருகின் மேல் அசையாது நின்றால் பத்தடி தூரத்தில் இருப்பவர் கண்ணுக்கும் தப்பிவிடும்.

குரல் இரண்டு சுரங்களாலான சீழ்க்கை. தலையைப் பின்னுக்கு எறிந்து ஒலி எழுப்பும். அடுத்த வளவிலிருந்து மற்றொன்று பதில் கொடுக்கும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கேட்பதால் எம்மைப் போன்ற குருமாருக்குத் திரிகால மணி நினைவுக்கு வரும். நண்பகல் மணியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. சிங்கள மக்கள் அக்குரலைக் கொண்டே அவிச்சியா என்று பெயரிட்டுள்ளனர். மயில் இதன் ஆடையை இரவலாக வாங்கித் திருப்பிக் கொடுக்கவில்லை, அதற்காகத்தான் நாள்தோறும் முறையிடுகிறது என்பது அவர்களது கதை. குயில், மைனா போல மரக்கொம்பில் இதனைத் தேடிப் பயனில்லை. இரை தேடுவது முழுவதும் நிலத்தில்தான். நீண்ட கால்களால் தத்தித் தத்திச் சென்று, அலகால் சருகைப் புரட்டி, மண்புழு, வண்டு, கறையான், எறும்பு, சிறு நத்தை ஆகியவற்றை உண்ணும்.

ஆபிரிக்காவின் தென்கிழக்கு நாடுகளில் இதே குடும்பத்துப் பறவை ஒன்று உண்டு. அதுவும் நிலத்தில் சருகு கிளறித் தின்பது; அதுவும் பருவம் பார்த்து இடம் பெயர்வது. எமது குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடுகட்டிக் குஞ்சு பொரித்து, இரவிரவாகப் பறந்து, கடல் கடந்து இங்கு வருகிறது. சித்திரை, வைகாசியில் திரும்பிச் சென்றுவிடும். ஆகவே எமது மண்ணில் அது கேட்பது கூடு கட்ட இடமல்ல, ஆறேழு மாதச் சாப்பாடு மாத்திரமே. அந்தச் சாப்பாடு சருகுக்கடியில் இருக்கிறது.

இங்குதான் எமது பழக்கம் குறுக்கிடுகிறது. திரியாய் மக்கள் 1985இல் வீடுகள் எரிக்கப்பட்டு ஊரைவிட்டு வெளியேறியவர்கள். நீண்ட காலத்தின் பின் திரும்பியவர்களுக்குக் காடு மூடிய வளவுகளே எஞ்சியிருந்தன. வெட்டித் துப்புரவாக்குவதும் கூட்டி எரிப்பதும் அவர்களுக்கு வீடு திரும்பியதன் அடையாளம். அதைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. பாம்புப் பயமும் உண்மையானது. புடையன் கடித்தால் வைத்தியசாலை பக்கத்தில் இல்லை. முற்றத்தையும் வீட்டைச் சுற்றியுள்ள இடத்தையும் நாள்தோறும் கூட்டுவதே சரி.

ஆனால் பின்வேலி வரை ஏன் கூட்ட வேண்டும்? கூட்டியதை ஏன் கொளுத்த வேண்டும்? “சாம்பலும் பசளைதானே, சுவாமி” என்று கேட்பவர் உண்டு. சாம்பலில் பொற்றாசியம் மிஞ்சும், மெய்தான். பயிருக்கு முதலில் வேண்டிய நைதரசன் புகையோடு போய்விடும். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது நாடெங்கும் விவசாயிகள் கூட்டெருவுக்கு அலைந்தனர். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பாதிப்பு நேர்ந்துவிட்டது. ஒரு வளவுச் சருகு ஒரு ஏக்கர் நெல்லுக்குக் காணாது, அப்படிச் சொல்பவரை நம்பவேண்டாம். கத்தரி, மிளகாய், முருங்கை நிற்கும் வீட்டுத் தோட்டத்துக்குக் காணும்.

செய்யவேண்டியது அதிகமில்லை. வீட்டிலிருந்து எட்டவுள்ள வேலி மூலையில், மர நிழலில், சருகை அப்படியே விடுங்கள். கூட்டியதையும் அங்கே கொட்டுங்கள். மாரி மழையில் அடி நனைந்து மண்புழு ஏறும். அடுத்த போகத்துக்கு அடிமண்ணைக் கறுப்பாக அள்ளலாம். அங்கே கிருமிநாசினி தெளிக்க வேண்டாம், மருந்து கலந்த தண்ணீரையும் ஊற்ற வேண்டாம். பூச்சியைக் கொல்லும் மருந்து அதன் சாப்பாட்டையும் கொல்லும். ஆறுமணிக் குருவி அந்த மூலைக்கு வருமா என்றால், பற்றை சற்றேனும் பக்கத்தில் இருந்தால் வரும்.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வையுங்கள். வந்திறங்கும் நாட்களில் களைத்த குருவி விளக்கு வெளிச்சத்துக்கு மயங்கி வீட்டுக்குள்ளேயே விழுவதுண்டு. கவண் எடுக்க வேண்டாம், கூட்டில் அடைக்கவும் வேண்டாம். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமின்றி வைத்திருங்கள். பூனை அண்டக்கூடாது. அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்ச் செத்துவிடும். களை தீர்ந்து நிமிர்ந்து நின்றதும் பற்றையடியில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு அப்பால் வந்துவிடுங்கள்.