ராணுவ ஜீப் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



நமது செட்டிநாட்டுப் பகுதியில் பழைய பொருள்களின் மீதுள்ள ஆசை புதிதல்ல. தோப்புக்கும் குடோனுக்கும் போய்வர, இப்போது விடுதி நடத்துவோர் வாசலில் நிறுத்தி வைக்கக்கூட, ராணுவத்திலிருந்து கழிக்கப்பட்ட ஜீப், ஜோங்கா, ஜிப்ஸி ஆகியவற்றைத் தேடி வாங்குகிறார்கள். கட்டுறுதியான வண்டி, விலையும் மலிவு என்பது உண்மைதான். ஆனால் காகிதம் சரியில்லையென்றால் அது வண்டியல்ல, வெறும் இரும்பு. இதை நான் கைப்பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

1991-ல் சரக்கு மூட்டை ஏற்றலாம் என்று வெளியூர்த் தரகர் ஒருவரிடம் ராணுவ ஜீப் ஒன்றை வாங்கினேன். ஏலத்தில் எடுத்த கடிதத்தின் நகலை மட்டும் கொடுத்தார். "அசல் அடுத்த வாரம் வரும், அண்ணே" என்றார். அந்த வாரம் வரவேயில்லை. அசல் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். "ஊருக்குள்தானே" என்று நானும் கடைக்கும் குடோனுக்கும் ஓட்டவிட்டேன். ஒருநாள் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் மீது வண்டி உரசிவிட்டது. கால் எலும்பு முறிவோடு போயிற்று. ஆஸ்பத்திரிச் செலவை நானே ஏற்றேன். உயிர் போயிருந்தால் என் கடையே போயிருக்கும். மூன்று வருடம் கொட்டகையில் கிடந்த அந்த ஜீப்பைக் கடைசியில் எடைக்குப் போட்டேன்.

ராணுவ வண்டிக்கு மட்டும் ஏன் இந்தச் சிக்கல்? சாதாரணப் பழைய வண்டி வாங்கினால் ஆர்.சி. புக் இருக்கும், இன்சூரன்ஸ் இருக்கும். இரண்டையும் பெயர் மாற்றினால் போதும். ராணுவ வண்டிக்கு இரண்டும் கிடையாது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-வது பிரிவின்படி ராணுவத்துக்கென்று தனிப் பதிவு உண்டு. மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட எண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்டி மத்திய அரசின் கையை விட்டுப் போனதும் அந்தப் பதிவு உதவாது. நம்மைப் போன்றோருக்குரிய 39, 40-வது பிரிவுகள் வந்துவிடும். அரசு வண்டிகளுக்கு 146-வது பிரிவிலேயே விலக்கு இருப்பதால் மாற்றிக்கொள்ள பழைய பாலிசியும் இராது. ஆகவே எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாங்க நினைப்போர் கவனிக்க வேண்டியவை:

1. அசல் விற்பனைச் சான்று: ராணுவத்திலிருந்து கழித்த வண்டிக்கு உரிய அதிகாரி வழங்கிய அசல் விற்பனைச் சான்று, 21-ம் எண் படிவத்தில், வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 47 தெளிவாகச் சொல்கிறது. இது கைக்கு வருமுன் முழுப் பணமும் கொடுக்காதீர்கள். பல வண்டிகளை ஒரே லாட்டாக ஏலம் எடுத்திருந்தால், உங்கள் வண்டிக்குத் தனிச் சான்று உண்டா என்று பாருங்கள்.

2. எண்கள்: சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பென்சில் பிரிண்ட் எடுத்துச் சான்றோடு ஒப்பிடுங்கள். ராணுவப் பட்டறையிலேயே எஞ்சின் மாற்றியிருக்கக்கூடும்.

3. ஏல நிபந்தனை: ஓட்டுவதற்கு விற்றார்களா, உடைப்புக்கு விற்றார்களா என்று படியுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் கடந்த அரசு வண்டிகளின் பதிவு முடிந்து அவை உடைப்புக்குப் போக வேண்டும் என்று விதி வந்துள்ளது. ராணுவச் செயல்பாட்டுக்கான கவச வண்டிகளுக்கும் சிறப்பு வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. உடைப்புக்கு விற்றதை ஓட்டத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

4. நிறம்: ராணுவத்தின் ஆலிவ் பச்சை நிறம் தனியார் வண்டிக்கு ஆகாது. விதி 121 தடை செய்கிறது. அழகாக இருக்கிறது என்று விட்டுவைக்காமல் முதலில் பெயிண்ட் மாற்றுங்கள்.

5. மாற்றங்கள்: பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சின் வைப்பது நம் பக்கத்தில் சகஜம். 52-வது பிரிவின்படி அனுமதியின்றிச் செய்யக்கூடாது. தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் கூறியுள்ளது. இடப்பக்க ஸ்டியரிங் உள்ள பழைய ஜீப்புக்கு, விதித்தபடி சைகை காட்டும் கருவி வேலை செய்ய வேண்டும்.

6. இன்சூரன்ஸ் முதலில், பதிவு பின்னால்: பதிவு விண்ணப்பத்தோடு இன்சூரன்ஸ் சான்றும் வைக்க வேண்டும். நம்பர் இல்லையே என்று தயங்க வேண்டாம். சேஸிஸ், எஞ்சின் எண்களை வைத்தே பாலிசி எடுக்கலாம். அதுவரை வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டு வாருங்கள்.

இன்சூரன்ஸில் இரண்டு விஷயம் முக்கியம். ஐந்து வருடம் கடந்த வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் மதிப்பை நாமும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். எனவே பட்டறை பில்களையும் புகைப்படங்களையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்தது, தனியார் கார் பாலிசி எடுத்துவிட்டு வியாபாரச் சரக்கு ஏற்றினால் அந்தப் பாலிசி கைகொடுக்காது. சரக்கு ஏற்றுவதானால் சரக்கு வண்டியாகவே பதிவு செய்து, எஃப்.சி., அதற்குரிய பாலிசி ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் முறை 2,000 ரூபாய், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அபராதம் பெரிதல்ல. விபத்தில் உயிர்ச்சேதம் ஆனால் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. இன்சூரன்ஸ் இல்லாதபோது முழுத் தொகையும் உரிமையாளர் தலையில்தான். கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல் கலெக்டர் மூலம் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

50 வருடம் கடந்த, அசல் உருவம் மாறாத வண்டியைக் காட்சிக்காக மட்டும் வைத்திருப்போருக்கு 2021-ல் வின்டேஜ் பதிவு வந்துள்ளது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ கூடாது.

சரக்கு வாங்கும்போது பில் இல்லாமல் வாங்குவோமா? மூட்டைக்கு மூட்டை எடை பார்க்கும் நாம், வண்டி என்றதும் தரகரின் வாய்ப்பேச்சை நம்பிவிடுகிறோம். அசல் சான்றைக் கையில் வாங்கிய பிறகே பணப்பையை அவிழுங்கள். நான் எடைக்குப் போட்டதைப் போல நீங்களும் போட வேண்டியதில்லை.



- மொத்த வணிகர் ஒருவர், நேமத்தான்பட்டி