ஒரு கல்லுக்கு எத்தனை நடை

கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வரப்பில் எழுத்துள்ள கல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 3 அடி, அகலம் 2 அடி, வெட்டியிருப்பது 12 வரி. தோட்டத்துக்காரர் அதன்மேல் உட்கார்ந்துதான் வெற்றிலை போடுகிறார். அந்த 12 வரியைப் படித்து, கட்டுரையாக்கி, ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்ப என்ன செலவாகும்? ரூபாய், கிராம், மதிப்பெண், நடை என்று நான்கு பத்தி போட்டுக் கணக்கு எழுதிப் பார்க்கலாம்.

முதல் நடையில் கல்லைவிடக் கல்லுக்குடையவர்தான் வேலை வாங்குவார். "ஏனுங்க சார், பொதையல் கிதையல்னு ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா?" இல்லை என்று அவரை நம்பவைக்க அரை மணி நேரமாவது பிடிக்கும். இரண்டாம் நடை படம் எடுக்க. உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. வெளிச்சம் சாய்வாக விழும் காலையோ மாலையோதான் சரி. அச்சில் 6 அங்குலம், 4 அங்குலம் வரவேண்டிய படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 1,800 × 1,200, அதாவது 21,60,000 புள்ளி வேண்டும். 12 மெகாபிக்சல் கைப்பேசி இதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் எடுத்துத் தரும். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். கோப்பாக அனுப்ப வேண்டும். நல்ல கட்டுரை பலவற்றின் படம் கரிக்கட்டையாக அச்சாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மூன்றாம் நடை மைப்படிக்கு. கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, பாதி உலர்ந்ததும் மை ஒற்ற வேண்டும். பரப்பு 6 சதுர அடிதான். தாளும் மையும் பெரிய காசில்லை. செலவு வைப்பது காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று காற்றாலைக்காரருக்கு வரவு, மைப்படி எடுப்பவருக்குப் பற்று. ஒட்டிய தாளை உரித்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கே போய்விடும்.

வீட்டுக்கு வந்தால் தட்டச்சு. கல்வெட்டில் நடுநடுவே வரும் கிரந்தத்துக்கு யூனிகோடில் தனி இடம் கிடைத்தது 2014இல். பின்னங்கள், நில அளவு, தானிய அளவுக் குறியீடுகள் 51 அடங்கிய தமிழ் இணைப்புத் தொகுதி வந்தது 2019இல். அதற்கு முன் எழுதியவர்கள் அந்த இடங்களைக் காலியாக விட்டு, பிரதி எடுத்தபின் பேனாவால் நிரப்பினார்கள். இப்போதும் அந்தக் குறியீடுகள் உள்ள எழுத்துரு இதழின் அச்சகத்தில் இல்லாவிட்டால் 'மா'வும் 'காணி'யும் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

கட்டுரை 20 பக்கம் என்றால் 20 தாள். 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 4.7 கிராம் அளவு; மொத்தம் 94 கிராம். மின்னஞ்சலில் போனால் இந்த வரியே கணக்கில் வேண்டாம். அச்சுப்பிரதியும் கேட்கிறார்கள், இதழ் தஞ்சாவூரில் இருக்கிறது என்று கொண்டால், 2025 அக்டோபர் கட்டணப்படி 51 முதல் 250 கிராம் வரை, 200 கிலோமீட்டரைத் தாண்டி 500 வரை போகும் விரைவுத் தபாலுக்கு 63 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 74 ரூபாய் 34 காசு.

தஞ்சாவூர் என்று சும்மா சொல்லவில்லை. தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' அங்கிருந்துதான் 1991 முதல் வருகிறது. கிணத்துக்கடவு வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை 83, பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், திருச்சி தாண்டித் தஞ்சாவூருக்கே போய்ச் சேர்கிறது. கோவை மாவட்டத்துப் பெருங்கற்காலச் சின்னங்களைப் பற்றி வால்ஹவுஸ் என்ற மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி எழுதிய கட்டுரை 1875இல் லண்டனில், ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் அச்சானது. நம் ஊர்க் கல்லைப் பற்றிப் படிக்க அன்று கடல் தாண்ட வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் 'கல்வெட்டு' இதழ் 1974இல் அந்தத் தூரத்தைச் சென்னை வரை குறைத்தது. பிறகு ஆவணம் வந்தது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தபோது, ஆவணத்தைப் புரட்டினால் அவை பற்றித் தமிழிலேயே படிக்க முடிந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் இதழ் என்பதால், கெடு தவறினால் 12 மாதம் காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் இன்னொரு வியாபாரம் புகுந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, கலைப் பாட ஆசிரியருக்கு ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம்: 7 + 7 = 14. ஐவர் எழுதினால் முதன்மை ஆசிரியருக்கு 7, மற்ற நால்வருக்கும் தலா 3: 7 + 12 = 19. ஒரே கல், அதே 12 வரி. பெயர் சேர்த்தால் மதிப்பெண் பெருகுகிறது. கல்லைக் காட்டியவருக்கு 0. அந்தப் பட்டியலில் அவருக்குக் கட்டமே கிடையாது.

மூன்று நாளில் அச்சு, சில ஆயிரம் ரூபாய் கட்டணம் என்று கைப்பேசிக்கு வரும் விளம்பரம் இந்த 10 மதிப்பெண்ணைத்தான் விற்கிறது. 2018 மே மாதம் மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு 'கேர்' என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, நல்ல இதழ் எது என்று பார்க்கும் வேலையை அந்தந்த நிறுவனத்திடமே விட்டது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் 2022 விதியிலேயே போய்விட்டது. வியாபாரம் போகவில்லை.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இதழுக்குத் தரப்படும் ஐஎஸ்எஸ்என் எண். இந்தியாவில் அதற்குக் கட்டணமில்லை. வண்டிக்கு நம்பர் இருப்பதால் ஓட்டுநர் நல்லவர் ஆகிவிடமாட்டார். ஆனாலும் பொய் எண்ணா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இருப்பது 8 இலக்கம். முதல் ஏழையும் வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, எட்டாவதையும் சேர்த்தால், 11 ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். எட்டாமிடத்தில் எக்ஸ் இருந்தால் அது 10.

இந்தச் சரிபார்ப்பு எனக்கு நினைவூட்டுவது ஈரோட்டுப் பக்கத்து அறச்சலூர் மலைக் கல்வெட்டை. புலவர் செ. இராசு வெளிக்கொணர்ந்த அதில் வரிசைக்கு 5 வீதம் 5 வரிசை, 25 எழுத்து. த, தை, தா, தே என்ற நான்கே அசைகள். மேலிருந்து, கீழிருந்து, இடமிருந்து, வலமிருந்து எப்படிப் படித்தாலும் ஒரே அடைவு. ஓர் எழுத்து சிதைந்தாலும் மற்றவற்றை வைத்து மீட்டுவிடலாம். அதை அமைத்தவராகக் கல்வெட்டு சொல்லும் பெயர் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் காசு நோட்டம் பார்ப்பவர். கொங்கில் நோட்டக்காரருக்கு வேலை இருந்திருக்கும். 1842இல் வெள்ளலூரில் மட்டும் 500க்கு மேல் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. நல்ல இதழில் கட்டுரையை நோட்டம் பார்க்கிறவர் செய்வதும் அதே வேலைதான். காசைத் தட்டிப் பார்ப்பதுபோல் வரியைத் தட்டிப் பார்ப்பார்.

நம் 12 வரிக் கட்டுரையும் அப்படித் தட்டப்பட்டு ஒரு குறிப்போடு திரும்பி வருகிறது: 'ஏழாம் வரியில் நீங்கள் 'வ' என்று படித்தது 'ம'வாக இருக்கலாம், நேரில் பார்க்கவும்.' கட்டணம் வாங்கும் இதழ் இப்படி எழுதாது. அங்கே நாம் காசு கொடுப்பதே இந்த நான்காம் நடையைத் தவிர்க்கத்தான்.

பேருந்துச் செலவை ரூபாய்ப் பத்தியில் சேர்த்தாயிற்று. ஆடிக் காற்று அடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டும். இந்த முறை தோட்டத்துக்காரருக்கு ஒரு கவுளி வெற்றிலையும் வாங்கிப் போக வேண்டும். மாலை வெயில் சாயும் நேரத்தில் அவர் கல்லைவிட்டு எழுந்திருக்க வேண்டுமே.