2071-க்கு ஒரு டிக்கெட்! துபாய் மோதிர மாளிகையில் வெல்டர் மாமா கேட்ட கேள்வி

(நமது நிருபர்)

நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியவேண்டுமானால் நம் ஊரில் கிளி ஜோசியரிடம் போய் உட்காருவோம். துபாயில் அதற்கென்று ஒரு மாளிகையே கட்டி வைத்திருக்கிறார்கள்! பெயர் 'எதிர்கால அருங்காட்சியகம்'. திறந்தது 22-2-2022 அன்று. தேதியைப் பாருங்கள், எல்லாம் இரண்டு மயம்!

2023 டிசம்பரில் அங்கே போய் வந்தேன். கூட வந்தவர் என் தாய்மாமன். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். துபாயில் 19 வருஷமாக வெல்டர். வேலைக்குப் போகும்போது மெட்ரோ ரெயில் ஜன்னல் வழியாக இந்த மாளிகையைத் தினமும் பார்ப்பார். உள்ளே போனது கிடையாது. திறந்தபோது டிக்கெட் 145 திர்ஹாம். நம் பணத்துக்கு அன்றைக்குச் சுமார் 3 ஆயிரம் ரூபாய்!

"அந்தக் காசை ஊருக்கு அனுப்பினா அரிசி பருப்பு ஆச்சு மாப்ளே" என்றார். நான் விடவில்லை. டிக்கெட்டை எடுத்துவிட்டேன்.

தூணே கிடையாது!

ஷேக் சையத் ரோட்டில், ஒரு பெரிய வெள்ளி மோதிரத்தை நிமிர்த்தி வைத்ததுபோல நிற்கிறது கட்டிடம். உயரம் 77 மீட்டர். 7 மாடி. உள்ளே ஒரு தூண்கூட இல்லை. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சுமார் 2,400 எஃகுச் சட்டங்கள்தான் அத்தனை பாரத்தையும் தாங்குகின்றன.

வெளியே சுற்றிலும் அரபு எழுத்துகள். எதிர்காலம் என்பது காத்திருந்து வாங்குவதல்ல, நாமே உருவாக்குவது என்பது போன்ற துபாய் ஆட்சியாளர் ஷேக் முகமதுவின் வாசகங்கள். அந்த நாட்டுக் கலைஞர் மத்தார் பின் லாஹிஜ் எழுதிக் கொடுத்தவை. இதில் விசேஷம், எழுத்துகளேதான் ஜன்னல்! பகலில் வெயில் அது வழியாக உள்ளே விழுகிறது. ராத்திரியில் எழுத்து ஜொலிக்கிறது.

மேலே போர்த்திய எஃகுத் தகடுகள் 1,024. ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. கம்ப்யூட்டர் கணக்குப் போட, எந்திரக் கைகள் செய்து முடித்தவை.

எல்லோரும் செல்பி எடுத்தார்கள். மாமா மட்டும் தகடுகள் சேரும் இடத்தையே உற்றுப் பார்த்தார்.

"ஜாயிண்டு தெரியல பாரு. செஞ்சது மிஷினு. ஆனா மேல தூக்கி மாட்டினது யாரு? நம்மள மாதிரி ஆளுகதான்!"

லிப்டில் ஏறினால் ஆகாயம்

லிப்டில் ஏறினோம். சுற்றிலும் திரைகள். துபாய் நகரம் கீழே சின்னதாகிக்கொண்டே போகிறது. கதவு திறந்தால் பூமிக்கு மேலே 600 கிலோமீட்டர் உயரத்தில் விண்வெளி நிலையம்! வருஷம் 2071. ஐக்கிய அரபு அமீரகம் உருவானது 1971-ல். அதனால் நூற்றாண்டு வருஷத்துக்கே நம்மைக் கூட்டிப் போகிறார்கள். அங்கே சந்திரனில் சூரிய சக்தியைப் பிடித்துப் பூமிக்கு அனுப்புகிறார்களாம். அத்தனையும் கற்பனைதான். ஆனால் நிற்கிற இடத்தில் நம்பத்தான் தோன்றுகிறது.

அடுத்த தளத்தில் ஒளியால் செய்த அமேசான் காடு. பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான உயிரினங்களின் உருவங்கள் கண்ணாடிக்குள் மின்னுகின்றன. இன்னொரு தளத்தில் மிஷினையெல்லாம் மறந்து மனசை ஆற்றிக்கொள்ள இடம். அதற்கும் கீழே தண்ணீர், சாப்பாடு, குப்பைப் பிரச்சினைக்கான புதுக் கண்டுபிடிப்புகள். 'அமெக்கா' என்ற மனித முகம் கொண்ட ரோபோவும் 2022-ல் இங்கே வந்து சேர்ந்தது. கேட்டால் பதில் சொல்லும், முகம் சுளிக்கும், சிரிக்கும்!

மாமா சிரிக்கவில்லை. அவர் மகன் அந்த வருஷம்தான் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேர்ந்திருந்தான். அந்தக் கவலை அவருக்கு.

ஓட்டை எதற்கு?

அங்கிருந்த வழிகாட்டிப் பெண் கேரளத்துக்காரர். அவரிடம் போய் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, இந்த 2071-ல வெல்டருக்கு வேலை இருக்குமா?"

அந்தப் பெண் கொஞ்சம் திகைத்தார். பிறகு மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "இந்தக் கட்டிடத்துக்கு நடுவில் ஒரு ஓட்டை இருக்கு பார்த்தீங்களா சேட்டா? சுற்றி இருக்கிற வளையம் நமக்குத் தெரிஞ்ச விஷயம். ஓட்டை, இன்னும் தெரியாத விஷயம். கட்டிடத்தை வரைஞ்ச ஷான் கில்லா அப்படித்தான் வெச்சார். உங்க கேள்வியும் அந்த ஓட்டையிலதான் இருக்கு."

மாமா யோசித்தார். "ஓட்டைன்னா அடைக்கணும்ல? அதுக்கு வெல்டர் வேணுமே!" என்றார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று ராத்திரி ரூமுக்குத் திரும்பியதும் மகனுக்குப் போன் போட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, வெல்டிங்கை விட்டுறாதே. ஆனா அது மட்டும் போதாது. அந்த எந்திரக் கையை ஓட்டறதுக்கு எங்கே சொல்லிக்கொடுக்கிறாங்கன்னு நாளைக்கே விசாரி. பீஸைப் பத்திக் கவலைப்படாதே. அப்பா இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருக்கேன்."

ஊருக்குத் திரும்ப அவர் தேதி பார்த்து வைத்திருந்தது எனக்குத் தெரியும்.