45 நாள் காருக்கு நான்காண்டு உழைப்பு

சிங்கப்பூரில் கார் என்றாலே பத்தாண்டுக் கணக்குதான். வாகன உரிமைச் சான்றிதழ் முடியும் நாள் நெருங்கினால், நன்றாக ஓடும் காரைக்கூடப் பலர் கைகழுவிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் நானும் என் மாமாவும் 1967ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வருகிறோம். எங்கள் இருவருக்கும் மரை கழன்றுவிட்டது என்பது உறவினர்களின் முடிவு.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 35 வயதைக் கடந்த கார்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் தனித் திட்டம் வைத்திருக்கிறது. சாலை வரி குறைவுதான். ஆனால், ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். மற்ற 320 நாளும் கார் சும்மா நிற்கவேண்டும். நம் ஊரின் ஈரக்காற்றில் சும்மா நிற்கும் இரும்புக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சாயத்தின் மேல் சிறு கொப்புளம் தெரியும். சுரண்டிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

அடுத்த தொல்லை, இடம். வீவக வாகன நிறுத்துமிடத்தில் இயந்திரத்தைப் பிரித்துப் பரப்ப முடியாது. சின் மிங்கில் ஒரு பட்டறையின் மூலைதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வீடு.

அதற்கடுத்தது உதிரிபாகம். மைனரின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் மரை போட்டவை. இன்று எளிதில் கிடைப்பவை மில்லிமீட்டர் கணக்கு. ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புப் பொருள் கடைகளில் ஏறி இறங்கி, ஒரே ஒரு போல்ட்டுக்காகச் சனிக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறோம். பழைய சாமான்களுக்குப் பேர்போன சுங்கை ரோடு சந்தையும் 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஆறு வாரம் காத்திருந்து, பெட்டியைப் பிரித்தால் இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கத் தகடு இருக்கும்.

பிறகு எதற்கு இந்தப் பாடு? மைனரின் முன்மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். 1098 சிசி இயந்திரம். கணினி இல்லை. எது எதை இயக்குகிறது என்று விரலால் தொட்டுத் தொடர்ந்து போகலாம். கெட்டுப்போனால் கழற்றலாம், துடைத்து மாட்டலாம். 1948 முதல் 16 லட்சத்துக்கும் மேல் தயாரான இந்தக் கார், சாதாரண மனிதர் பழுதுபார்க்கக்கூடிய கார். இலங்கையின் காலி நகரில் இதற்கான தகடுகளைச் செய்து, கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறார்கள்!

அதைவிடப் பெரிய காரணம், பட்டறைக்காரரான சீன அங்கிள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வானொலியில் பேசுவது என் பிழைப்பு. அவர் எனக்குச் சொன்ன முதல் பாடமோ, “பேசாதே, கேள்” என்பதுதான்.

கார்பரேட்டரைச் சரிசெய்யக் காதுதான் கருவி. அதன் உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். இயந்திரம் வேகமெடுத்து அப்படியே ஓடினால் பெட்ரோல் அதிகம். தடுமாறி நின்றால் குறைவு. ஒரு கணம் வேகமெடுத்துப் பழையபடி அடங்கினால் கலவை சரி. இது செய்முறைப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால், அந்த ‘ஒரு கணம்’ எவ்வளவு நேரம் என்பது புத்தகத்தில் இல்லை. அங்கிள் கையை உயர்த்தி “இப்போது” என்றபோதுதான் எனக்குப் பிடிபட்டது. அதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

சென்ற டிசம்பரில் சிராங்கூன் சாலை வழியாக ஓட்டிப்போனோம். தேக்கா அருகே ஒரு பெரியவர் சன்னலில் குனிந்து, “இதில்தான் தம்பி நான் கார் ஓட்டவே படிச்சேன்” என்றார். பின்னால் ஹாரன் அடிக்கும்வரை அவர் நகரவில்லை.

இந்த ஆண்டு இறுதியில் பட்டறையை மூடப்போவதாக அங்கிள் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு வேறு வேலை, வேறு விருப்பம். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. கார்களைக் காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றலாம். அவர் காதில் இருப்பதை அப்படிக் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் நின்று, கையில் கிரீஸ் படிய யாராவது கற்றுக்கொண்டால்தான் உண்டு.

கார் வாங்கச் சொல்லவில்லை. தையல் இயந்திரமோ கடிகாரமோ மிதிவண்டியோ பழுதுபார்க்கும் ஒரு பெரியவர் உங்கள் புளோக்குக்குக் கீழேயே இருக்கலாம். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அருகே போய் நில்லுங்கள். மூடும் தேதியை அவர் முன்கூட்டியே சொல்வார் என்று நிச்சயமில்லை.