வேதநாயகர் பாடல்களில் வேண்டலும் இரக்கமும்

1. ஆராய்ச்சியின் நோக்கம்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தமிழ் உரைநடை வரலாற்றில் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) இயற்றிய முதற் புதின ஆசிரியராகப் போற்றப்படுகிறார். அற நூலாசிரியர் என்ற முறையில் ‘நீதிநூல்’ (1859) அவர்க்குப் புகழ் தந்தது. இவ்விரண்டற்கும் இடையே நின்று, இசையரங்குகளிற் பாடப்பட்டும் ஆராய்ச்சி உலகில் குறைவாகவே எண்ணப்பட்டும் வருவது ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’. அது 1878-இல் வெளிவந்தது. தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் வாட்டிய காலத்தின் இறுதி ஆண்டு அது.

கத்தோலிக்கக் குடியிற் பிறந்து, அந்நெறியிலேயே வாழ்ந்து மறைந்த ஒருவர், கிறித்தவப் பெயர்கள் முன்னிற்காத வழிபாட்டுப் பாடல்களைப் பாடியது ஏன் என்னும் வினா எழுவது இயல்பு. சமயப் பற்றின் தளர்ச்சியே அதற்குக் காரணம் என்பார் உளர். வேதநாயகரின் வேண்டற் பாடல்களையும், பஞ்ச காலத்தில் அவர் ஆற்றிய அறத்தையும் ஒருங்கு வைத்து நோக்கின் அக்கூற்றுப் பொருந்தாமை புலனாகும். சமரசக் கீர்த்தனையின் பொதுமை கிறித்தவ வேண்டலின் உள்ளியல்பிலிருந்தே தோன்றியது என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கிறித்தவ வேண்டலின் இயல்பு

இயேசு பெருமான் தம் மாணாக்கர்க்குக் கற்பித்த செபம் மத்தேயு, லூக்கா என்னும் இரு நற்செய்தி நூல்களிலும் காணப்படுகிறது. அதன்கண் அன்றாட உணவு வேண்டப்படுகிறது. வேண்டுவோன் தன்னை ஒருமையாற் கூறாது பன்மையாற் கூறுகிறான். இலக்கணம் வல்லார் ஈண்டு ஒன்றனை நோக்கல் வேண்டும். இன்றைய தமிழில் ‘நாம்’ என்பது கேட்போனை உளப்படுத்தும். ‘நாங்கள்’ என்பது அவனை விலக்கும். இறைவனை விளித்து ‘எங்களுக்கு’ என்று வேண்டுங்கால் விலக்கப்படுவோன் இறைவன் ஒருவனே. உளப்படுவோர் யாவர் என்பதைச் சொல் வரையறுக்கவில்லை. தன் மனைமக்களை மட்டும் எண்ணி ஒருவன் அதனைச் சொல்லலாம். தன் சபையாரை எண்ணிச் சொல்லலாம். பசித்தார் அனைவரையும் எண்ணியும் சொல்லலாம். வேண்டுவோனது உள்ளத்தின் விரிவே அச்சொல்லின் பொருள் விரிவாக அமைகிறது.

இவ்விரிவு எத்துணையது என்பதற்கு லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் சமாரியன் கதை விடையளிக்கும். கள்வராற் புடைக்கப்பட்டு வழியிற் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்ற இருவரும் ஆலயப் பணிக்கு உரியோர். ஒருவன் குரு, மற்றையோன் லேவியன். யூதரால் இழித்து எண்ணப்பட்ட சமாரியனே அருகணைந்து, காயத்துக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டி, தன் ஊர்தியில் ஏற்றிச் சென்று, சாவடிக் காப்போனிடம் இரு வெள்ளிக்காசும் தந்து பேணச் செய்தான். அவன் ‘இரங்கினான்’ என்பதற்குக் கிரேக்க மூலத்தில் ஆளப்பட்ட வினை, வயிற்றின் உள்ளுறுப்புக்களைக் குறிக்கும் பெயரடியாகப் பிறந்தது. பிறர் துயர் கண்டு ‘வயிறு எரிகிறது’ என்னும் நம் நாட்டுத் தாயர் வழக்கு அதற்கு அணித்தானது. எனவே இரக்கம் என்பது கருத்தளவில் நிற்பதன்று. உடலைத் தாக்கிக் கையை இயக்குவது. உடையும் உணவும் அற்றவனுக்கு நல்வாழ்த்து மட்டும் கூறி அனுப்புதலை யாக்கோபின் திருமுகம் கடிந்துரைப்பதும் இக்கருத்துப் பற்றியே.

3. அருள் என்னும் சொல்

மேற்கூறிய கருத்தைத் தமிழிற் கூறப் புகுவார்க்கு ஒரு நற்பேறு உண்டு. இறைவன் மாந்தர்மேற் செலுத்தும் தண்ணளியும் ‘அருள்’ எனப்படும். மாந்தர் பிற உயிர்கள்மேற் செலுத்தும் இரக்கமும் ‘அருள்’ எனப்படும். திருக்குறளில் அன்புடைமை எட்டாம் அதிகாரமாகவும் அருளுடைமை இருபத்தைந்தாம் அதிகாரமாகவும் வேறுவேறு நிற்றலின் காரணத்தை உரைகாரர் விளக்குவர். அன்பு தொடர்புடையார்மாட்டுச் செல்வது. அருள் தொடர்பு கருதாது எல்லா உயிர்கள்மாட்டும் செல்வது. பொருள் செயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் அருளை அன்பு ஈன்ற குழவியாகவும், அக்குழவியை வளர்க்கும் செவிலியாகப் பொருளையும் உருவகித்தார். இரக்கம் வளரப் பொருளும் வேண்டும் என்பது அவ்வுருவகத்தின் துணிபு.

தேவ தோத்திர மாலை, திருவருள் மாலை, திருவருள் அந்தாதி என வேதநாயகர் இயற்றிய வழிபாட்டு நூல்கள் பல. அவற்றுள் இரண்டு நூற்பெயரிலேயே ‘திருவருள்’ என்னும் சொல்லை ஏற்றுள்ளன. திருவருளை வேண்டுவோன் அருளுடையனாதல் தமிழ்ச் சொல்லின் இயல்பிலேயே அடங்கியுள்ளது. மேலிருந்து பெறுவதற்கும் பிறர்க்குத் தருவதற்கும் பெயர் ஒன்றே.

4. பஞ்சமும் பாடலும்

1876-இல் பருவமழை பொய்த்தது. தொடர்ந்து 1878 வரை நீடித்த பஞ்சத்தில் சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாய், ஐதராபாத்துப் பகுதிகளும் பெரிதும் அழிந்தன. மாண்டோர் தொகை ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டது என்பது பொதுவான கணிப்பு. 1877 ஜனவரியில் இந்திய அரசாங்கத்தின் சார்பிற் சென்னைக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாட்கூலியை ஒரு ராத்தல் தானிய அளவும் ஓர் அணாவுமாகக் குறைத்தார். வேலை செய்யும் உடலுக்கு இது போதாது என்று சென்னைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். ஒரு மனிதன் உயிர்வாழ எத்துணைத் தானியம் போதும் என்று அளந்து சிக்கனம் பார்த்த காலம் அது.

காவிரி பாயும் தஞ்சைக் கழனிகள் வறண்ட மாவட்டங்களைப் போலப் பாழ்படவில்லை. எனினும் தானியத்தின் விலையேற்றம் கூலியாளர் அனைவரையும் தாக்கியது. உணவு தேடி வெளியூரினின்று வந்தோரும் பலர். அந்நாளில், முன்சீபுப் பதவியினின்று விலகிய வேதநாயகர் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறையில்) வாழ்ந்துவந்தார். பஞ்சம் தீர்க்குமாறு இறைவனிடம் முறையிடும் அவர்தம் கீர்த்தனை அக்காலத்து எழுந்ததே.

அவர் கீர்த்தனையைத் தேர்ந்ததும் கருதத்தக்கது. வெண்பாவும் விருத்தமும் அவர்க்கு எளியவை. நீதிநூலைச் செய்யுளாலேயே யாத்தார். கீர்த்தனையோ பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புக்களை உடையது. சரணம் ஒவ்வொன்றும் துன்பத்தின் ஒரு கூற்றை விரித்துரைத்து முடிந்தபின் பாட்டுப் பல்லவிக்கு மீளும். பல்லவி வேண்டலாயின், துயரைக் கூறுந்தோறும் அவ்வேண்டல் திரும்ப எழும். துயரை எண்ணாத வேண்டலும், வேண்டலிற் சென்று முடியாத துயருரையும் அவ்வமைப்பில் இடம்பெறா. மேலும் எழுத்தறியாரும் கேள்வியாற் கற்றுப் பாடவல்ல வடிவம் அது. பஞ்சத்தில் அடிபட்டோருட் பெரும்பாலோர் எழுத்தறியாதோர் என்பதை மறத்தலாகாது.

5. கஞ்சி வார்த்தல்

பாடியதோடு அவர் அமையவில்லை. தாம் ஈட்டிய பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அவர்தம் கொடையை வியந்து ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ ஆசிரியர் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை ஒன்று பாடினார். கிறித்தவர் ஒருவரது அறத்தைச் சிவபத்தர் ஒருவர் இசையாற் போற்றிய அந்நிகழ்ச்சி சமரசம் என்னும் சொல்லுக்குச் சிறந்த உரையாகும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வேதநாயகரைத் தலைவராகக் கொண்டு ‘குளத்துக் கோவை’ பாடியதும், திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை வேதநாயகர் பாடல்களாற் பாராட்டியதும் இவ்வரிசையில் வைத்து எண்ணற்பாலன.

கஞ்சி பெற வருவோனிடம் சமயம் வினவுதல் அறமன்று. அவ்வாறே ஊரார் அனைவர்க்குமாக இறைவனிடம் உணவு வேண்டுவோன், அவருட் சிலர் மட்டும் ஏற்கும் பெயரால் அவனை விளிப்பின், ஏனையோர் அவ்வேண்டலிற் சேர்ந்து வாய்திறத்தல் இயலாது. பசியிற் பொதுமை, கொடையிற் பொதுமை, வேண்டலிற் பொதுமை என்னும் மூன்றும் ஒன்றனையொன்று தொடர்ந்தன. முன்னர்க் கூறிய ‘எங்களுக்கு’ என்னும் பன்மையை வேதநாயகர் தம் ஊரளவும் நாட்டளவும் விரித்தார். அவ்விரிவின் இலக்கிய வடிவமே சமரசக் கீர்த்தனை.

6. இரு தடைகளும் விடைகளும்

இனி இதன்மேல் எழத்தக்க தடைகள் இரண்டு. பொதுப்பெயரால் இறைவனைப் பாடுதல் கிறித்தவத் தனித்தன்மையைக் கைவிடுதல் ஆகாதோ என்பது முதலாவது. கைவிட்டாராயின் ‘தேவமாதா அந்தாதி’யையும் ‘சத்திய வேதக் கீர்த்தனை’யையும் அவர் இயற்றியிரார். தம் மறையாரோடு கூடி வழிபடுங்கால் அம்மறைப் பெயர்களாற் பாடினார். ஊராரோடு கூடி அழுங்கால் ஊரார் அனைவர்க்கும் உரிய மொழியாற் பாடினார். சமாரியன் தன் வழிபாட்டை மாற்றிக்கொண்டபின் காயம் கட்டினான் அல்லன். காயமுற்றவனும் மாற்றிக்கொள்ளுமாறு வேண்டப்பட்டான் அல்லன்.

பஞ்சத்தை இறைவன்பாற் சுமத்தி வேண்டுதல், மனிதர் செய்த பிழையை மறைத்தல் ஆகாதோ என்பது இரண்டாவது. இது வலிமையான தடை. மழை பொய்த்தது இயற்கை. ஆயின் தானியம் ஏற்றுமதியானதும், கூலி குறைந்ததும் மனிதர் செயல்கள். வேண்டல் சிலரிடத்து வாளாவிருத்தற்கு மறைப்பாகப் பயன்படுதலும் மறுக்கவியலாதது. வேதநாயகர் அத்தகையர் அல்லர் என்பதற்கு அவர்தம் ஏனைய நூல்கள் சான்று. கைக்கூலி பெறும் அதிகாரிகளை நீதிநூலில் தனி அதிகாரம் வகுத்துக் கண்டித்தார். சமரசக் கீர்த்தனையிலும் இறைவாழ்த்தோடு உத்தியோகத்தார்க்குரிய அறிவுரைப் பாடல்களும் உள. அரசின் பஞ்சக் கொள்கையை அவர் எதிர்த்து எழுதினார் என யாம் கூறவில்லை. ஆயினும் இறைவனிடம் கேட்டதைத் தம் கையிலும் கேட்டார் என்பது உறுதி.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. ஈவோன் உயர்ந்தோன், ஏற்போன் தாழ்ந்தோன் என்னும் நிலை கொடையில் எளிதில் நுழையும். வேண்டல் அதனைத் தடுக்கிறது. இறைவன் முன் வேதநாயகரும் உணவு இரப்போர் கூட்டத்துள் ஒருவரே. மாலையிற் கைகூப்பி இரந்தவர் மறுநாட் காலையிற் கஞ்சி இரப்போனை இகழ்தல் எங்ஙனம் கூடும்? துன்புற்றார்க்குச் சோறு தருதல் ஓர் உதவி; அவர்தம் மானம் குன்றாமற் காத்தல் மற்றோர் உதவி. இரண்டாவது உதவிக்கு வேண்டலே பயிற்சிக்களம்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கிறித்தவ வேண்டலின் பன்மை இரக்கத்தின் அளவிற்கேற்ப விரிவது என்பதும், தமிழில் அருள் என்னும் சொல் வேண்டிப் பெறுவதையும் இரங்கித் தருவதையும் ஒருங்கு சுட்டுவது என்பதும், 1876–78 பஞ்ச காலத்தில் வேதநாயகர் பாட்டும் கொடையும் ஒரே பற்றினின்று எழுந்தன என்பதும் பெறப்பட்டன. ஆகவே சமரசக் கீர்த்தனையைச் சமயத் தளர்ச்சியின் விளைவாகக் கொள்ளாது, கிறித்தவப் பற்று பிறர் துயரிற் பங்குகொண்டு பேசிய மொழியாகக் கொள்ளுதலே தக்கது. அந்நூலை இசைநூலாக மட்டும் பயில்வோர் பஞ்ச வரலாற்றையும் உடன் வைத்துப் பயில்வாராயின், அதன் பல்லவிகள் யார் பொருட்டு எழுந்தன என்பதை உணர்வர்.