மருந்தின் குணமும் பங்கின் விலையும்

நீரிழிவு பற்றி நாளுக்கொரு செய்தி எமது காதுக்கு வருகிறது. "இனி ஊசியே வேண்டாம்" என்கிறது ஒன்று. "அந்த மருந்து ஆளையே கொண்டுபோய்விடும்" என்கிறது மற்றொன்று. இத்தகைய செய்திகள் சிலவேளை நோயாளரிடமிருந்து வருவதில்லை. பணம் போட்டவர்களிடமிருந்து வருகின்றன. அமெரிக்காவில் நடந்த ஒரு விடயம் இதனை நன்கு விளக்கும்.

அங்குள்ள மான்கைன்ட் என்னும் கம்பனி, வாயினால் உள்ளிழுக்கும் தூள் இன்சுலினைத் தயாரித்தது. அதன் பெயர் அஃப்ரெஸா. பைசர் கம்பனி இதே போன்ற எக்சுபெரா என்னும் மருந்தை விற்று, விற்பனை போதாமையால் 2007 இல் கைவிட்டிருந்தது. அஃப்ரெஸாவுக்கு அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் 2014 யூனில் அனுமதி அளித்தது. சனோபி என்னும் பெரிய கம்பனி அதனை விற்க முன்வந்தது.

மான்கைன்ட் பங்குகளை வாங்கிய சிறு முதலீட்டாளர் பலர். பங்கு என்பது கம்பனியின் உரிமையில் ஒரு சிறு கூறு. விலை ஏறினால் அதை வைத்திருப்பவருக்கு இலாபம். விலை இறங்கினால் இலாபம் காண்பவர்களும் உண்டு. அது எப்படி? ஒருவர் அயலவரிடம் ஒரு மூடை நெல்லைக் கடன் வாங்கி, விலை கூடிய நேரத்தில் விற்கிறார். அறுவடையில் விலை விழுந்ததும் மலிவாக ஒரு மூடை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார். மிச்சப் பணம் அவருக்கு. பங்குகளிலும் இப்படியே செய்கிறார்கள்.

ஆகவே ஒரே மருந்தைப் பற்றி இரு சாராரும் இணையத்தில் மோதிக்கொண்டனர். ஒரு சாரார், ஊசியின் காலம் முடிந்தது என்றனர். உண்மையில் அது சாப்பாட்டு வேளைக்கு எடுக்கும் இன்சுலின் மட்டுமே. முதலாம் வகை நீரிழிவு உள்ளவர் நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலினையும் ஊசியாகப் போடவே வேண்டும். ஆஸ்துமா போன்ற நாட்பட்ட சுவாச நோய் உள்ளவருக்கு அது ஆகாது. மூச்சுக்குழாய் திடீரென இறுகக்கூடும்.

மறுசாரார், அது சுவாசப்பைப் புற்றுநோயைத் தரும் என்றனர். பரிசோதனைகளில் அதைப் பாவித்த இருவருக்கு அந்நோய் கண்டது உண்மை. இருவரும் முன்னர் பெருமளவு புகைபிடித்தவர்கள் என்பதும் உண்மை. இரண்டு பேரை வைத்து மருந்துதான் காரணம் என்றும் கூற முடியாது, இல்லை என்றும் கூற முடியாது. அதனாலேயே மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை இடப்பட்டது. இரு சாராரும் தமக்கு வேண்டிய பாதியை மட்டுமே எடுத்துச் சொன்னார்கள்.

விற்பனை குறைவு என்று கூறி 2016 ஜனவரியில் சனோபி விலகியது. தன் சொந்த இன்சுலினைக் காக்கவே வேண்டுமென்று கைவிட்டது என்றனர் ஒரு சாரார், அது ஊகமே. கம்பனி மூடப்படும் என்றனர் மறுசாரார், அதுவும் நடக்கவில்லை. மான்கைன்ட் தானே விற்பனையை நடத்தியது. ஆனால் சனோபி விலகிய செய்தி வந்த அன்றே பங்கின் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. முதல்நாள் இருந்த தூளும் மறுநாள் இருந்த தூளும் ஒன்றுதான். விலை விழுந்ததால் மருந்து கெட்டுவிடவில்லை, ஏறியிருந்தாலும் சிறந்துவிடாது.

இடம்பெயர்ந்து வாழும்போது பழகிய வைத்தியர் அருகில் இருப்பதில்லை. காதால் கேட்டதே வைத்தியமாகிவிடும் ஆபத்து அதிகம். ஆகவே புதிய மருந்துச் செய்தி எதுவாயினும் மூன்றைக் கேளுங்கள். இதைச் சொல்பவருக்கு என்ன ஆதாயம்? யாருக்கு ஆகாது என்பதையும் சொல்கிறாரா? எமது கிளினிக் வைத்தியர் என்ன சொல்கிறார்?

கிளினிக் கொப்பியை எங்கு சென்றாலும் கையோடு கொண்டுசெல்லுங்கள். இன்சுலின் போடுபவர் எந்தச் செய்தியைக் கேட்டும் தாமாக அதை நிறுத்தக்கூடாது. முதலாம் வகை நோயாளர் நிறுத்தினால் சில நாட்களுக்குள்ளேயே உயிராபத்து நேரலாம்.